சாஸ் எக்ஸ்பேண்டரில் ஒரே ஒரு ஃபையை மூடித் திறப்பது: அனுபவப் பகிர்வு

ஜேபாட்60

60 டிஸ்க் உள்ள ஜேபாட் பெட்டியில் (டிஸ்க்குகளை மட்டும் அடுக்கி சர்வரோடு இணைக்கும் வெளிப் பெட்டி) ஒரு டிஸ்க் ஒரேயடியாகச் செத்துவிட்டால் பெரிய தொல்லை இல்லை. ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி பல டிஸ்க்கைச் சேர்த்த அமைப்பு) அதைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடரும். சாகாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் டிஸ்க்தான் உயிரை வாங்கும். அதன் லிங்க் சில விநாடிக்கு ஒருமுறை விழுந்து எழும். விழும்போதும் எழும்போதும், பெட்டிக்குள் டிஸ்க்குகளை சாஸ் (டிஸ்க்கை சர்வரோடு இணைக்கும் ஒரு முறை) வழியாக சர்வரோடு இணைக்கும் ஸ்விட்சான எக்ஸ்பேண்டர் 'பிராட்காஸ்ட் சேஞ்ச்' என்ற அறிவிப்பை அனுப்பும். அது கிடைத்தவுடன் பெட்டியோடு இணைந்த ஒவ்வொரு ஹெச்பிஏவும் (சர்வரில் இருக்கும் சாஸ் அட்டை) யார் யார் இருக்கிறார்கள் என்று மறுபடி தேடத் தொடங்கும். அந்த நேரத்தில் நல்ல டிஸ்க்குகளின் ஐஓவும் (படிப்பது, எழுதுவது) தேங்கும். கெட்டது ஒன்று, திணறுவது மீதி 59.

ஆள் போய் டிஸ்க்கை உருவும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த டிஸ்க் தொங்கும் ஃபையை (லிங்கின் எக்ஸ்பேண்டர் பக்க முனை) எக்ஸ்பேண்டரிலேயே மூடிவிடலாம். டக்ளஸ் கில்பர்ட் எழுதிய எஸ்எம்பி_யுடில்ஸ் தொகுப்பில் இருக்கும் எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோல் இதற்கான கட்டளை. எக்ஸ்பேண்டருக்கு எஸ்எம்பி என்ற மேலாண்மை நெறிமுறையில் 'ஃபை கன்ட்ரோல்' கோரிக்கையை அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன்:

எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோல் --ஃபை=17 --ஆப்=3 /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பேண்டர்-6:0

ஆப் எண்களில் அன்றாடம் தேவைப்படுபவை: 1 லிங்க் ரீசெட், 2 ஹார்ட் ரீசெட், 3 மூடுவது, 5 பிழைக் கவுண்டரைச் சுழியாக்குவது, 6 அஃபிலியேஷனை (சாட்டா டிஸ்க் மேல் ஒரு சர்வருக்கு இருக்கும் பிடி) நீக்குவது. திறப்பதற்கென்று தனி எண் கிடையாது. மூடிய ஃபைக்கு 1 அல்லது 2 கொடுத்தால் அதுவே திறந்துவிடும். 'எனேபிள் எங்கே, எனேபிள் எங்கே' என்று மேன் பக்கத்தைத் துழாவுவோருக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரூட் உரிமை வேண்டும். வெற்றி என்றால் திரையில் ஒன்றும் வராது.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. --ஆப் கொடுக்க மறந்தால் 0 என்று எடுத்துக்கொள்ளும். 0 என்றால் எதுவும் செய்யாதே என்று பொருள், ஆபத்தில்லை. --ஃபை கொடுக்க மறந்தாலும் 0 என்றுதான் எடுத்துக்கொள்ளும். அங்கே 0 என்பது உண்மையான ஒரு ஃபை! --ஆப்=3 கொடுத்து ஃபை எண்ணை விட்டுவிட்டால், 0ஆம் ஃபையில் என்ன தொங்குகிறதோ அது போய்விடும். அதேபோல எஸ்எம்பி_யுடில்ஸ்_டிவைஸ் என்ற சூழல் மாறியை முன்பு எப்போதோ அமைத்து வைத்திருந்தால், டிவைஸ் பெயரை எழுதாதபோது கட்டளை அந்தப் பழைய எக்ஸ்பேண்டருக்குப் போகும். பெட்டி இரண்டுக்கு மேல் இருக்கும் இடத்தில் இந்த மாறியை அமைக்காமல் இருப்பதே நல்லது.

கேபிள்முடிச்சு

நண்பர் சொன்ன '17' எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பாதிப் பிரச்சினை. ஃபை எண்ணும் ஸ்லாட் எண்ணும் ஒன்றல்ல. பெட்டியின் முகப்பில் 5 என்று அச்சடித்திருக்கும் ஸ்லாட், எக்ஸ்பேண்டரில் 17ஆம் ஃபையாக இருக்கலாம். பேக்பிளேனில் (டிஸ்க்குகள் செருகும் பலகை) தடம் போட்டவர் எது வசதியோ அப்படிப் போட்டிருப்பார். ஏ, பி என இரண்டு ஐஓ மாட்யூல் (ஆளுக்கொரு எக்ஸ்பேண்டர் கொண்ட பலகை) உள்ள பெட்டியில் ஏ பக்கத்து எண்ணும் பி பக்கத்து எண்ணும் ஒத்துப்போகும் என்றும் நம்பக் கூடாது.

சரியான வழி முகவரியைப் பிடித்துப் போவது. எல்எஸ்ஸ்கஸி -டி கொடுத்தால் எஸ்டிகியூ போன்ற பெயருக்கு நேராக சாஸ் முகவரி வரும். பிறகு எஸ்எம்பி_டிஸ்கவர் கட்டளையை அந்த எக்ஸ்பேண்டர் மேல் ஓட்டினால் ஃபைக்கு ஒரு வரியாகப் பட்டியல் வரும்: ஃபை எண், வழித்தட வகை, எதிர்முனையின் முகவரி, அது டார்கெட்டா (கட்டளை வாங்கும் டிஸ்க் பக்கம்) இனிஷியேட்டரா (கட்டளை அனுப்பும் சர்வர் பக்கம்), வேகம். உங்கள் முகவரி எந்த வரியில் இருக்கிறதோ அதுதான் ஃபை. மூடியிருக்கும் ஃபைக்கு 'டிஸேபிள்ட்' என்று வரும். லிங்க் எழ முடியாமல் தவிப்பதற்கு 'ரீசெட் பிராப்ளம்' என்று வரும்.

சாஸ் டிஸ்க்குக்கு இரண்டு போர்ட், இரண்டுக்கும் வேறு வேறு முகவரி. ஏ பக்கத்தில் ஒன்று தெரியும், பி பக்கத்தில் மற்றொன்று. அடம்பிடிக்கும் டிஸ்க்கை ஏ பக்கத்தில் மட்டும் மூடினால் பாதி வேலைதான் முடிந்தது. மல்டிபாத் (ஒரே டிஸ்க்கை இரண்டு வழியிலும் அணுகும் மென்பொருள்) அதை பி வழியாகத் தொடர்ந்து பயன்படுத்தும். இரண்டு எக்ஸ்பேண்டரிலும் தேடி இரண்டு ஃபையையும் மூட வேண்டும். சாட்டா (சாஸ் அல்லாத, சாதாரணக் கணினி டிஸ்க் வகை) டிஸ்க் என்றால் கதை வேறு. அதற்கென்று சாஸ் முகவரி இல்லாததால் எக்ஸ்பேண்டரே ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும். அது ஃபையோடு ஒட்டிய முகவரி. அதே ஸ்லாட்டில் வேறு டிஸ்க்கைச் செருகினாலும் மாறாது. முகவரி மாறவில்லை என்பதை வைத்து டிஸ்க்கும் மாறவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சீரியல் எண்ணைப் பாருங்கள்.

ஸ்லாட்டோடு பொருத்திப் பார்க்க எஸ்ஜி_செஸ் --ஜாயின் (செஸ் என்பது பெட்டியின் விளக்கு, விசிறி, வெப்பம் போன்றவற்றைக் கவனிக்கும் சேவை). பெட்டி ஒழுங்காகச் சொல்லும் வகை என்றால் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் நேராகச் சாஸ் முகவரி இருக்கும். மூடுவதற்கு முன்பு --செட்=ஐடென்ட் கொடுத்து அந்த ஸ்லாட்டின் விளக்கை எரியவிட்டு விடுங்கள். ஃபையை மூடினாலும் விளக்கு எரியும், ஏனென்றால் அது டிஸ்க் வழியாகப் போவதில்லை. மறுநாள் போகும் ஆள் சரியான டிஸ்க்கை உருவுவார்.

இன்னொன்று: எக்ஸ்பேண்டர்-6:0 என்ற பெயரில் 6 என்பது ஹோஸ்ட் எண். ரீபூட்டுக்குப் பிறகு அது 7 ஆகலாம், இரண்டு பெட்டிகளின் 0, 1 இடம் மாறலாம். குறிப்பேட்டில் எக்ஸ்பேண்டரின் சாஸ் முகவரியை எழுதி வையுங்கள். /சிஸ்/கிளாஸ்/சாஸ்_டிவைஸ் கீழே ஒவ்வொரு எக்ஸ்பேண்டருக்கும் அது கிடைக்கும்.

இரவுப்பணி

அப்லிங்க் (சர்வருக்கும் பெட்டிக்கும் நடுவிலான இணைப்பு) பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தக் கட்டளையால் வரும் பெரிய விபத்து அதுதான்.

ஹெச்பிஏவிலிருந்து பெட்டிக்கு வரும் ஒரு மினி சாஸ் ஹெச்டி கேபிளில் 4 ஃபைகள் உண்டு. நான்கும் சேர்ந்து ஒரே வைடு போர்ட். எஸ்எம்பி_டிஸ்கவர் பட்டியலில் எதிர்முனை முகவரி ஒன்றாகவே இருக்கும் நான்கு வரிகள் தெரியும், 'ஐ' என்ற இனிஷியேட்டர் குறியோடு. அதில் ஒன்றை மூடினால் உடனே ஒன்றும் விழாது, வேகம் மட்டும் குறையும்: 12 கிகாபிட் லிங்க் ஒவ்வொன்றும் நொடிக்கு 1200 மெகாபைட் என்றால் 4800லிருந்து 3600 ஆகும். நான்காவதையும் மூடிவிட்டால் திறக்கச் சொல்லும் கட்டளை போக வழியே கிடையாது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டியது போலத்தான். மற்ற ஐஓ மாட்யூல் வழியாக இந்த எக்ஸ்பேண்டரை எட்டவும் முடியாது, இரண்டும் தனித்தனி டொமைன். மிஞ்சுவது பெட்டியின் மேலாண்மை போர்ட் இருந்தால் அது, இல்லையென்றால் அந்த மாட்யூலைக் கழற்றி மாட்டுவது.

இன்னொரு பெட்டிக்குச் சங்கிலியாகப் போகும் ஃபைகளும் அப்படியே. பட்டியலில் 'எக்ஸ்பி' என்று குறி இருந்தால் அந்தப் பக்கம் ஒரு டிஸ்க் அல்ல, ஒரு பெட்டியே இருக்கிறது. 'வி' என்று இருந்தால் அது மெய்நிகர் ஃபை, பெரும்பாலும் பெட்டியின் செஸ் செயலி. அதை மூடப் பார்த்தால் சில எக்ஸ்பேண்டர்கள் மறுக்கும். மறுக்காத எக்ஸ்பேண்டரில் விசிறி வேகம், வெப்பம், விளக்கு எதையும் இங்கிருந்து பார்க்க முடியாமல் போகும்.

எதிர்முனையை ஸ்கிரிப்டே சரிபார்க்கட்டும். மூடும் ஸ்கிரிப்ட் எழுதுவோர் முதலில் எஸ்எம்பி_டிஸ்கவர் --ஃபை=எண் கொடுத்து, எதிர்முனை டார்கெட் மட்டும்தானா, முகவரி எதிர்பார்த்ததுதானா என்று பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் மூட வேண்டும். பார்த்ததற்கும் மூடுவதற்கும் நடுவில் யாராவது டிஸ்க்கை மாற்றிவிட்டால்? அதற்குத்தான் --எக்ஸ்பெக்டட். எஸ்எம்பி_ரெப்_ஜெனரல் கொடுத்தால் எக்ஸ்பேண்டரின் மாற்றக் கவுண்டர் வரும். லிங்க் ஒன்று மாறினால் கவுண்டர் ஏறும். அந்த எண்ணை --எக்ஸ்பெக்டட் வழியாக அனுப்பினால், இடையில் ஏதாவது மாறியிருக்கும் பட்சத்தில் எக்ஸ்பேண்டர் கட்டளையை நிராகரித்துவிடும். ஒரு சிக்கல் உண்டு: லிங்க் விடாமல் ஆடிக்கொண்டிருக்கும் பெட்டியில் இந்தக் கவுண்டரும் விடாமல் ஏறும், கட்டளை நிராகரிப்பாகவே வரும். அப்போது படித்து, சரிபார்த்து, அனுப்பு என்பதை ஒரு சுற்றாக ஓட்டுங்கள். சோர்ந்துபோய் --எக்ஸ்பெக்டட்டை எடுத்துவிடாதீர்கள்.

ஜேபாட்60

அருமை. இதோடு சேர்த்து, மூடுவதற்கு முன்பு ஓஎஸ் பக்கம் செய்ய வேண்டியது. எம்டி ரெய்டு (லினக்ஸின் மென்பொருள் ரெய்டு) என்றால் முதலில் அந்த டிஸ்க்கை ஃபெயில் செய்து ரிமூவ் செய்யுங்கள். இசட்எஃப்எஸ் (ரெய்டு வேலையையும் செய்யும் ஃபைல் சிஸ்டம்) என்றால் ஆஃப்லைன். பிறகு /சிஸ்/பிளாக்/எஸ்டிகியூ/டிவைஸ்/டிலீட்டில் 1 எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் ஃபை. நேராக ஃபையை மூடினாலும் கடைசியில் இதே நிலைக்கு வரும், ஆனால் நடுவில் பறந்துகொண்டிருந்த ஐஓக்கள் டைம்அவுட் ஆகிப் பிழைக் கையாளும் நிலைக்குப் போய், காப்பாற்ற நினைத்த பெட்டியையே அரை நிமிடம் நிறுத்திவைக்கும்.

மூடினால் மின்சாரம் நிற்காது என்பதும் நினைவிருக்கட்டும். டிஸ்க் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அதை நிறுத்த எஸ்ஜி_செஸ் --செட்=டெவ்ஆஃப்; பெட்டி அந்த வசதியைத் தந்தால் மட்டும் பலிக்கும்.

கேபிள்முடிச்சு

பிழைக் கவுண்டரைப் பற்றியும் எழுத வேண்டும். ஃபையை மூடுவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

எஸ்எம்பி_ரெப்_ஃபை_எர்_லாக் --ஃபை=17 கொடுத்தால் நான்கு எண்கள் வரும்: செல்லாத டிவேர்டு (டிவேர்டு என்பது லிங்கில் போகும் தரவின் சிறு துண்டு), ரன்னிங் டிஸ்பாரிட்டி பிழை (0, 1 பிட்களின் சமநிலை பிசகுவது), டிவேர்டு ஒத்திசைவு இழப்பு, ஃபை ரீசெட் பிராப்ளம். தனியாக ஒரு எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. டிஸ்க்கை உருவிச் செருகினாலே முதல் மூன்றும் ஏறும். ஒருமுறை லிங்க் ரீசெட் கொடுத்தாலும் ஏறலாம். அதனால் --ஆப்=5 கொடுத்துச் சுழியாக்கி, டிஸ்க் மேல் படிக்கும் சுமையை ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படியுங்கள். நல்ல லிங்க் என்றால் நான்கும் 0 ஆகவே இருக்க வேண்டும்.

ஒத்திசைவு இழப்பு ஏறாமல் செல்லாத டிவேர்டும் டிஸ்பாரிட்டியும் மட்டும் ஏறினால், லிங்க் நிற்கிறது, சிக்னல் அழுக்காக வருகிறது என்று பொருள். கேபிள், கனெக்டர், பேக்பிளேன் தொடுமுனை என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். ஒத்திசைவு இழப்பும் சேர்ந்து ஏறினால் லிங்க் விழுந்து எழுகிறது. அதுதான் மேலே நண்பர் சொன்ன பெட்டி முழுக்கத் திணறும் நிலை.

பலர் விட்டுவிடும் ஒரு விஷயம்: ஒவ்வொரு ஃபையும் தான் வாங்கியதில் இருக்கும் பிழையை மட்டுமே எண்ணும். எக்ஸ்பேண்டர் பக்கம் ஏறினால் டிஸ்க்கிலிருந்து எக்ஸ்பேண்டருக்கு வரும் திசை கெட்டிருக்கிறது. எதிர்த்திசையைப் பார்க்க டிஸ்க்கிடமே கேட்க வேண்டும்: ஸ்மார்ட்சிடிஎல் -எல் சாஸ்ஃபை. இரண்டு திசையிலும் ஏறினால் தொடுமுனை அல்லது கேபிள். எக்ஸ்பேண்டர் பக்கம் மட்டும் ஏறினால் அந்த டிஸ்க்கை நல்லதென்று தெரிந்த வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள்: பிழை டிஸ்க்கோடு போனால் டிஸ்க், ஸ்லாட்டிலேயே தங்கினால் பேக்பிளேன். சாட்டா டிஸ்க்குக்கு சாட்டாஃபை என்று கேளுங்கள். கூடவே 199ஆம் ஸ்மார்ட் எண்ணையும் (டிஸ்க் தானே எண்ணிவைக்கும் லிங்க் தரவுப் பிழை) பாருங்கள்.

அப்லிங்கின் நான்கு ஃபைகளையும் இதே முறையில் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் பிழை காட்டினால், அந்த ஒன்றை மூடிவிட்டு மூன்றோடு ஓடுவது, நான்காவதால் ரீட்ரை ஆகிக்கொண்டிருப்பதைவிட நல்லது. இரவுப்பணி சொன்ன எச்சரிக்கை மனதில் இருக்கட்டும்: ஒன்றுதான், இரண்டாவதைத் தொடாதீர்கள். /சிஸ்/கிளாஸ்/சாஸ்_போர்ட் கீழே ஒவ்வொரு போர்ட்டுக்கும் நம்_ஃபைஸ் என்று ஒரு கோப்பு உண்டு. 4 இருக்க வேண்டிய இடத்தில் 3 என்று மாதக்கணக்கில் ஓடும் பெட்டிகள் ஏராளம், ஏனென்றால் எதுவும் விழவில்லை, அலாரமும் அடிக்கவில்லை. இந்த ஒரு எண்ணையாவது கண்காணிப்பில் சேருங்கள்.

சாட்டாவாசி

மூடாமல் சமாளிக்க இன்னொரு வழி, வேகத்தைக் குறைப்பது. --மேக்ஸ் என்ற விருப்பத்தில் 8 என்றால் 1.5 கிகாபிட், 9 என்றால் 3, 10 என்றால் 6, 11 என்றால் 12. அமைத்தது அடுத்த லிங்க் ரீசெட்டில்தான் நடப்புக்கு வரும் என்பதால் இரண்டையும் ஒரே கட்டளையில் கொடுப்பதே வழக்கம்:

எஸ்எம்பி_ஃபை_கன்ட்ரோல் --ஃபை=17 --மேக்ஸ்=10 --ஆப்=1 /டெவ்/பிஎஸ்ஜி/எக்ஸ்பேண்டர்-6:0

12இல் தடுமாறும் லிங்க் 6இல் பல நேரம் பிழையே இல்லாமல் ஓடும். சுழலும் டிஸ்க்குக்கு 6 கிகாபிட் தாராளம். அந்த லிங்க் நொடிக்கு 600 மெகாபைட் கொண்டுபோகும், டிஸ்க் அதில் பாதியைக்கூடத் தொடாது. எஸ்எஸ்டி என்றால் இழப்பு தெரியும். இது புதுக் கேபிள் வரும்வரைக்கான மருந்து என்பதை மறக்க வேண்டாம்.

இனி சாட்டா. எக்ஸ்பேண்டருக்குப் பின்னால் சாட்டா டிஸ்க், இரண்டு சர்வர் ஒரே பெட்டியில் என்ற அமைப்பில் வரும் தொல்லை 'அஃபிலியேஷன்'. சாட்டா டிஸ்க்குக்குப் பல இனிஷியேட்டர் என்ற கருத்தே கிடையாது. அதனால் எக்ஸ்பேண்டர் அதை ஒரு நேரத்தில் ஒரு சர்வருக்கு மட்டும் கொடுத்து வைக்கும். மற்ற சர்வர் கேட்டால் 'எஸ்டிபி ரிசோர்சஸ் பிஸி' என்று திருப்பி அனுப்பும். முதல் சர்வர் தொங்கிப்போனால் பிடி விடாமலே நிற்கும். யார் பிடியில் இருக்கிறது என்பதை எஸ்எம்பி_ரெப்_ஃபை_சாட்டா சொல்லும்.

இங்கே --ஆப்=6 கொடுத்துப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று எழுதுவோர் அதிகம். வேலை செய்யாதுதான். கட்டளை அனுப்பும் சர்வரின் சொந்தப் பிடியை மட்டுமே அது விடுவிக்கும், அடுத்தவர் பிடியை விடுவிக்காது. லிங்க் ரீசெட்டும் உதவாது, அது அஃபிலியேஷனை அப்படியே விட்டுவைக்கும். அடுத்த சர்வர் உண்மையிலேயே செத்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டு --ஆப்=2, அதாவது ஹார்ட் ரீசெட் கொடுக்க வேண்டும். அது பிடியை நீக்கிவிடும். உறுதி செய்யாமல் கொடுத்தால் இரண்டு சர்வர் ஒரே டிஸ்க்கில் எழுதும் நிலை வரும். பிறகு ஃபைல் சிஸ்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

புதிதாகச் செருகிய சாட்டா டிஸ்க் தெரியவில்லை, எஸ்எம்பி_டிஸ்கவரில் 'ஸ்பின்அப் ஹோல்டு' என்று நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கினால் பவர் சப்ளை தாங்காது என்பதற்காக எக்ஸ்பேண்டர் நிறுத்தி வைத்திருக்கிறது. --ஆப்=1 கொடுத்தால் சுழலத் தொடங்கும். ஒரேயடியாக எல்லா ஃபைக்கும் சுற்றுப்போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், சில விநாடி இடைவெளி விட்டுக் கொடுங்கள்.

சாஸ் டிஸ்க்கில் ஹார்ட் ரீசெட் கொடுத்தால் அந்தப் போர்ட் வழியாக நடந்துகொண்டிருந்த எல்லாச் சர்வரின் கட்டளைகளும் ரத்தாகும், அடுத்த கட்டளைக்கு யூனிட் அட்டென்ஷன் ('நடுவில் ரீசெட் நடந்தது' என்ற அறிவிப்பு) வரும். பெர்சிஸ்டென்ட் ரிசர்வேஷன் (டிஸ்க்கை யார் பயன்படுத்தலாம் என்று சர்வர்கள் பதிந்துவைக்கும் உரிமை) மட்டும் பிழைக்கும், கிளஸ்டர் வைத்திருப்போருக்கு அது ஆறுதல். எப்போதும் 1ஐக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பலிக்காவிட்டால் 2.

ஃபைபர்பாதை

ஒரு சந்தேகம் கேட்கிறேன். ஃபைபர் சேனல் (இன்னொரு வகை சேமிப்பக வலை) ஸ்விட்சில், பிரோகேட் நிறுவனத்தின் போர்ட்டிஸேபிள் கட்டளை கொடுத்தால் ஸ்விட்ச் ரீபூட் ஆனதும் போர்ட் திரும்பத் திறந்துகொள்ளும். நிலையாக மூட போர்ட்சிஎஃப்ஜிபெர்சிஸ்டென்ட்டிஸேபிள் என்று வேறு கட்டளை. சாஸ் எக்ஸ்பேண்டரில் அப்படி நிலையான மூடல் உண்டா? இன்னொன்று, எங்கள் சர்வரில் பிஎஸ்ஜி அடைவில் எக்ஸ்பேண்டர் என்ற பெயரே இல்லை, பெட்டியோ இணைந்திருக்கிறது.

இரவுப்பணி

முதல் கேள்விக்கு: இல்லை. இந்தக் கட்டளை செய்வது போர்ட்டிஸேபிள் வகைதான். பெட்டிக்கு மின்சாரம் போய் வந்தால் ஃபை திறந்துகொள்ளும், பழைய டிஸ்க் மறுபடி ஆட்டம் போடும். சர்வரை மட்டும் ரீபூட் செய்தால் பெட்டி அணைவதில்லை, மூடியது பொதுவாக மூடியபடியே இருக்கும். அதனால் மூடிய உடனே டிஸ்க் மாற்றும் பணிக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள். டிக்கெட்டில் பெட்டியின் சீரியல் எண், ஸ்லாட், டிஸ்க்கின் சீரியல் எண், ஏ பக்கத்து ஃபை, பி பக்கத்து ஃபை ஐந்தும் இருக்கட்டும். புது டிஸ்க்கைச் செருகியவர் 'டிஸ்க் தெரியவில்லை, இதுவும் பழுது' என்று திருப்பி அனுப்புவது, மூடிய ஃபையை யாரும் திறக்காததால்தான் பெரும்பாலும். செருகி ஒரு நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் --ஆப்=1.

இரண்டாவது: அட்டை ரெய்டு முறையில் ஓடுகிறதா என்று பாருங்கள். மெகாரெய்டு_சாஸ் டிரைவர் எக்ஸ்பேண்டரைக் கெர்னலுக்குக் காட்டாது. அங்கே அட்டையின் சொந்தக் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஐடி ஃபர்ம்வேர் (ரெய்டு செய்யாமல் டிஸ்க்கை அப்படியே காட்டும் வகை) உள்ள ஹெச்பிஏ, எம்பிடி3சாஸ் டிரைவர் என்றால் பெயர் வரும். பெயர் வந்தும் கட்டளை 'எஸ்எம்பி ஸோன் வயலேஷன்' என்று திரும்பினால் பெட்டியில் ஸோனிங் (எந்த சர்வர் எதைத் தொடலாம் என்ற பிரிப்பு) போட்டிருக்கிறார்கள். உங்கள் சர்வருக்கு அந்த ஃபையைத் தொட அனுமதி இல்லை. 'ஃபை வேகன்ட்' என்றால் அந்த எண் இந்தப் பெட்டியில் ஒளித்து வைத்த இடம், எண்ணைத் தப்பாகப் பார்த்திருக்கிறீர்கள்.

எஸ்எம்பி_யுடில்ஸ் நிறுவ அனுமதியில்லாத சர்வரிலும் கை கட்டி நிற்க வேண்டாம். /சிஸ்/கிளாஸ்/சாஸ்_ஃபை/ஃபை-6:0:17 என்ற அடைவுக்குள் எனேபிள், லிங்க்_ரீசெட், ஹார்ட்_ரீசெட் என்ற கோப்புகள் இருக்கும். 6 ஹோஸ்ட், 0 எக்ஸ்பேண்டர், 17 ஃபை. எனேபிளில் 0 எழுதினால் மூடும், 1 எழுதினால் திறக்கும். நான்கு பிழைக் கவுண்டர்களும் அங்கேயே படிக்கக் கிடைக்கும். --எக்ஸ்பெக்டட் மாதிரிப் பாதுகாப்பு மட்டும் இந்த வழியில் கிடையாது. நடு எண் இல்லாமல் ஃபை-6:3 என்று இருந்தால் அது ஹெச்பிஏவின் சொந்த ஃபை, அதாவது அப்லிங்கின் இந்த முனை. எண்டர் தட்டுமுன் அந்த நடு எண் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.